வால்தம்ஸ்டோவில் சாயம் அண்ணை

கிழக்கு லண்டனில் சாயம் அண்ணை மனதைப் புண்படுத்தாத தமிழ்க் குசினி ஒன்றுகூடக் கிடையாது. யார் வீட்டுக்குப் போனாலும், கொடுத்த தேத்தண்ணியில் ஒரு வாய் குடிப்பார். "சாயம் காணாது" என்பார். தேயிலை போதவில்லை என்று அர்த்தம். அடுத்த நிமிடம் அந்த வீட்டுக் குசினிக்குள் நின்று தானே ஊற்றிக்கொண்டிருப்பார். அவருடைய சொந்தப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

ஜெர்மனியை விட்டு வந்ததே அங்கே ஒருவருக்கும் தேத்தண்ணி போடத் தெரியாததால்தான் என்பார். மனோர் பார்க்கில் தம்பி மகனின் கல்யாணம். தாலி கட்டும் நேரம் ஆளைக் காணவில்லை. சமையல்காரரை ஓரமாக நிற்க வைத்துவிட்டு மண்டபத்துக் குசினியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தார். கல்யாண வீடியோவில் மாப்பிள்ளைக்குப் பெரியப்பாவே இல்லை.

இந்த மனிதருக்கு மகளாகப் பிறந்தவள் அபி. அவள் போட்ட தேத்தண்ணியை அப்பா ஒரு நாளும் முழுதாகக் குடித்ததில்லை. மிச்சம் சிங்கில்தான் போகும். பிள்ளைக்கும் அதே பிடிவாதம். வால்தம்ஸ்டோவில் ஒரு ஜப்பானிய அம்மாவிடம் போய், அவர்கள் முறைப்படி தேநீர் பரிமாறப் பழகினாள். 2009இல் அவள் முதன்முதலாக விருந்தாளிகளுக்குப் பரிமாறும் நாள் வந்தது. அப்பாவையும் பக்கத்து வீட்டுக்காரனான என்னையும் அழைத்தாள். வன்னிப் போரை நினைத்து எங்கள் ஆட்கள் அழுதே களைத்திருந்த வருடம் அது. யார் எங்கே கூப்பிட்டாலும் போகத் தயாராக இருந்தேன்.

அந்த அம்மா வீட்டு வாசலில் அபி என்னைத் தனியாக இழுத்தாள். "அங்கிள், அப்பா இடையில எழும்பாமப் பாத்துக்கொள்ளுங்கோ. இண்டைக்கு ஒருக்காவெண்டாலும் நான் போட்டதை முழுசாக் குடிக்கட்டும்" என்றாள்.

முன்னறையில் பாய் விரித்திருந்தது. முழங்காலை மடித்து, வாயை மூடி உட்கார வேண்டும். முதலில் ஆளுக்கொரு பயற்று இனிப்பு வந்தது. அதைத் தின்று முடித்த பிறகுதான் தேநீர் என்று அபி படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அண்ணை தின்னவில்லை. இடது உள்ளங்கையில் பொத்தி வைத்துக்கொண்டார். தின்னச் சொல்லி மெதுவாக இடித்தேன்.

"உனக்கென்ன விசரே? பிறகு தேத்தண்ணிக்கு என்னத்தைக் கடிக்கிறது?"

பனங்கட்டியைக் கையில் வைத்துக் கடித்துக் கடித்துத் தேத்தண்ணி குடித்து வளர்ந்த மனிதர். நியாயம்தான். ஆனால் ஜப்பானியக் கோப்பைக்குப் பிடி இல்லை. இடது உள்ளங்கையில்தான் ஏந்த வேண்டும்.

அபி மூங்கில் மத்தால் கலக்கத் தொடங்கினாள். கோப்பையில் போடும்போதே பச்சைத் தேயிலைத் தூள் பாயில் சிந்தியிருந்தது. நுரை வரவில்லை. அண்ணையின் முழங்கால் பாயை விட்டு எழும்பியது. நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அபி நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். அந்த முகத்தில் என்ன கண்டாரோ, திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

கோப்பை வந்தது. கையில் இனிப்பு. வேறு வழியில்லாமல் முழுவதையும் வாய்க்குள் தள்ளினார். கன்னம் இரண்டும் வீங்க, கண் பிதுங்க, கோப்பையை ஏந்திக் குடித்தார். கடைசிச் சொட்டை அவர் உறிஞ்சிய சத்தம் அடுத்த வீட்டுக்கும் கேட்டிருக்கும். எனக்கு மானம் போயிற்று. ஜப்பானிய அம்மாவோ மகிழ்ந்து தலை வணங்கினார். குடித்து முடித்ததற்கு அந்தச் சத்தம்தான் மரியாதையாம்.

அடுத்து விருந்தாளி ஏதாவது சொல்ல வேண்டும். நான் மனதுக்குள் முருகனைக் கூப்பிட்டேன். அண்ணை வாயைத் துடைத்தார். கோப்பையை மகள் பக்கம் நகர்த்தினார்.

"இன்னுமொண்டு போடு பிள்ளை."

அவர் என்ன சொன்னார் என்று அந்த அம்மா அபியைக் கேட்டார். அவள் அழுதுகொண்டே சிரித்தாள். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நான்தான் சொன்னேன். இரண்டாவது கோப்பையில் நுரை பொங்கி வந்தது. அந்த மனிதரைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது. கால் இரண்டும் மரத்துப் போனதால் என்னால் எழும்ப முடியவில்லை.