காய்ந்த எலுமிச்சையில் ஏறிய பேய்

அது எழுபத்தாறாம் ஆண்டு. துபாய் சத்வாவின் தையற்கடைக்காரர்கள் கத்திரியைக் கீழே போட்டுவிட்டு ஜலஜா வீட்டு வாசலில் கூடிவிட்டார்கள். ஓமானின் சோஹாரிலிருந்து பொன்னுச்சாமியார் வந்திருக்கிறாரே! பேயைக் கண்ணுக்கு நேராகக் காட்டுகிற மகான். அந்தப் பேய்க்கு விசா கொடுத்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஜலஜாவுக்கு எரிச்சலாக இருந்தது. பக்கவாதம் வந்ததிலிருந்து அவள் மாமனார் ஸ்ரீனிவாசன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாடு வேண்டாம், பேச்சும் வேண்டாம். இந்த நோய்க்குப் பிறகு மனம் இப்படிச் சோர்ந்துபோவதுண்டு, இதற்கும் வைத்தியம் உண்டு என்று சொல்லி டாக்டர் மாத்திரை கொடுத்திருந்தார். அவள் கணவன் சேதுமாதவனுக்கு அது பொறுக்கவில்லை. அப்பாவுக்கு மனநோய் என்றால் மானம் போய்விடுமாம். பேய் என்றால் போகாதாம்.

சாமியார் வந்ததும் மாத்திரை டப்பாவை எடுத்து மடியில் செருகிக்கொண்டார். "இனிமே இத குடுக்காதீங்க. பேய்க்குத் தீனி இது."

பெரியவரின் நாற்காலியை ஏ.சி.க்கு நேரே இழுத்துப் போட்டார். அரபுக்காரர்கள் கறியில் போடும் காய்ந்த எலுமிச்சை ஒன்றை நூலில் கட்டி, அவர் தலைக்கு மேல் தொங்கவிட்டார். தக்கை போன்ற பழம், ஆடியது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"பேய் டூ-இன்-ஒன் கேக்குது," என்றார் சாமியார். பாட்டுக் கேட்கிற பேய் போலிருக்கிறது. சேதுமாதவன் ரேடியோவும் டேப்பும் சேர்ந்த புது டூ-இன்-ஒன்னைத் தூக்கிவர உள்ளே ஓடினான்.

"சாமி, உங்களப் பேய் அண்டுமா?" என்று கேட்டாள் ஜலஜா.

"கிட்டவே வராதும்மா."

"அப்ப நீங்க இதுல கொஞ்சம் உக்காருங்களேன்."

மாமனாரைக் கைத்தாங்கலாகக் கட்டிலுக்கு மாற்றினாள். கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் சாமியார் உட்கார்ந்தார். பழம் இன்னும் ஜோராக ஆடியது. முன்வரிசை மெல்லப் பின்வாங்கியது.

"இது பேயில்ல, என் தெய்வம் ஆட்டுது."

ஜலஜா போய் ஏ.சி.யை அணைத்தாள். பழம் நின்றது. மறுபடி போட்டாள். ஆடியது.

"உங்க தெய்வத்துக்குக் கரண்ட் வேணுமா சாமி?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அவள் கையை நீட்ட, மாத்திரை டப்பா மடியிலிருந்து வெளியே வந்தது. "கலாஸ், முடிஞ்சுது, பேய் லீவுல போயிருச்சு," என்று முனகிக்கொண்டே சாமியார் நழுவினார்.

கட்டிலில் பெரியவர் அழுதுகொண்டிருந்தார். "பேய் இல்லம்மா," என்றார் குழறலாக. "துக்கம்."

"தெரியும் மாமா. மாத்திரை இருக்கு. நாங்களும் இருக்கோம்." சேதுமாதவன் தலையைக் குனிந்துகொண்டு அப்பாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்தான்.

பக்கத்து வீட்டுப் பிரபாவதி மட்டும் ஏ.சி.க்குக் கற்பூரம் காட்டப் போனாள். அம்மணி, அதற்குச் சுவிட்ச் போதும். உங்கள் தலைக்குள்ளும் ஒரு சுவிட்ச் இருக்கிறது. எப்போதாவது அதையும் போட்டுப் பாருங்களேன்.