சப்தரிஷி வாலுக்குக் கீழே ஒரு துளை

கல்லூரிக் கோளரங்கத்தின் பொறுப்பாசிரியை அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும், தங்கள் குவிமாடமும், நாற்பது நாற்காலிகளும் (மூன்றாம் வரிசையில் கால் ஆடுகிற ஒன்றைத் தவிர) நலம் என்று நம்புகிறேன். இதை நான் உன் அத்தையாக எழுதவில்லை. முதல் காட்சி முதல் இன்றுவரை ஒரு சனிக்கிழமை தவறாமல் வருகிற பார்வையாளராக எழுதுகிறேன். ஆகவே படித்து முடித்ததும் உன் அப்பாவுக்கு, அதாவது என் தம்பிக்கு, போன் போட்டுச் சிரிக்க வேண்டாம்.

சென்ற சனிக்கிழமை மாலை கோளரங்க வாசலில் ஓர் அறிவிப்பைப் படித்தேன். "நிறுவியவரின் பிழை ஒன்று திருத்தப்படும்." நிறுவியவர் யார்? உன் மாமா. என் கணவர். ஆறு வருடமாகத் தன்னைப் பற்றிப் பதில் பேச முடியாத இடத்தில் இருப்பவர். சரி, உள்ளே போய் உட்காருவோம், விவரம் சொல்வார்கள் என்று பொறுமையாக உட்கார்ந்தேன். நீயும் சொன்னாய். சப்தரிஷி மண்டலத்தின் வாலுக்குக் கீழே அம்புக்குறியைக் காட்டி, "இந்த நட்சத்திரம் வானத்துல கிடையாது, பழைய சார் கை தவறிப் போட்ட துளை இது, அடுத்த வாரம் அடைக்கிறோம்" என்றாய். நான் எழுந்து நின்றேன். இருட்டில் யாரும் எழக்கூடாது என்ற விதியை எழுதிக் கதவில் ஒட்டியவளே நான்தான், இருந்தாலும் எழுந்தேன். கைப்பை கீழே விழுந்தது, அதிலிருந்த டார்ச் தானாக எரிந்து முன்வரிசைக்காரரின் வழுக்கையில் பட்டது, ஒரு குழந்தை "அம்மா, நிலா!" என்று கத்தியது, நீ "அத்தை, உக்காருங்க" என்றாய், நான் "முடியாதுடி" என்றேன். அந்தக் குரலைக் கேட்டு, நாங்கள் 'விடியல்' என்று கூப்பிடும் உன் உதவியாளர் பதறிப்போய்த் தன் சுவிட்சைத் தட்டிவிட, நடுநிசி வானத்தில் சூரியன் உதித்துவிட்டது. கூட்டம் கைதட்டியது. எனக்கு அவமானமாக இருந்தாலும், உதயம் நன்றாகவே இருந்தது என்பதையும் பதிவு செய்கிறேன்.

அதன் பிறகு மொட்டை மாடியில் தொலைநோக்கி. என் முறை வந்ததும் நிலாவெல்லாம் வேண்டாம், வாலுக்குக் கீழே திருப்பு என்றேன். திருப்பினாய். கண்ணை வைத்தேன். கொஞ்சம் மேகம். மேகம்தான்! உனக்குத் தெரியவில்லை என்பதற்காக மேகம் இல்லை என்று ஆகிவிடாது. எனக்குப் பின்னால் நின்ற ஓய்வு பெற்ற தபால் அதிகாரி எட்டிப் பார்த்துவிட்டு, "தெரியுதும்மா, பளிச்சுனு தெரியுது! கொஞ்சம் நகருங்க, எல்லாரும் நிலாவைப் பார்க்கணும்" என்றார். அரசுப் பணியில் முப்பத்தைந்து வருடம் இருந்தவர். அவரை என் முதல் சாட்சியாகக் குறித்துக்கொள்.

இரண்டாவது சாட்சி நானே. உன் குவிமாடத்தில் வானத்தைக் காட்டுகிற அந்த நட்சத்திரக் கோளம் எங்கே செய்யப்பட்டது தெரியுமா? நீ அப்போது பிறக்கவே இல்லை. எங்கள் சாப்பாட்டு மேசையில். கல்யாணமாகி நான்காவது மாதம். கல்லூரியில் குவிமாடம் கட்டிவிட்டார்கள், கருவி வாங்க வழியில்லை. "ஒரு உலோகப் பந்து, உள்ளே ஒரு பல்பு, பந்து முழுக்கத் துளை. வானம் ரெடி" என்றார் உன் மாமா. நட்சத்திரப் பட்டியல் புத்தகத்தை நான் வாசிக்க, அவர் பென்சிலால் குறித்துக் கைத்துரப்பணத்தால் துளையிடுவார். ஒவ்வொன்றுக்கும் மணி, நிமிடம், பாகை என்று மூன்று எண், வடக்கு அல்லது தெற்கு என்று ஒரு திசை. அதுதான் அதன் விலாசம். எங்கள் கான்வென்டில் கணக்கு சிஸ்டர் எண்களை இடைவெளி விட்டு, நிமிர்ந்து நின்று வாசிக்கச் சொல்லித் தந்தவர். நான் நின்றுகொண்டேதான் வாசித்தேன். "உக்காந்து படியேன், கால் வலிக்கும்" என்பார். "எண்ணை வேலையத்தவ மாதிரி படிக்கக் கூடாது" என்பேன். சிரிப்பார். பதினோரு மாலைகள். அறுநூற்றுப் பன்னிரண்டு துளைகள். மேசை முழுக்க உலோகத் தூள், அதைத் துடைத்துவிட்டுத்தான் சாப்பாடு. குளியலறையில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டே இருக்கும். அதை ரிப்பேர் செய்ய ஆளைக் கூப்பிடுங்கள் என்று நான் தினமும் சொல்லுவேன், அவர் தினமும் "நம்பர் எழுதி வச்சிருக்கேன்" என்பார். அதைவிடச் சந்தோஷமான சத்தத்தை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை.

அத்தனை வரிகளில் நான் தடுமாறியது ஒரே இடத்தில். ஒரு எண்ணுக்குத் திசை சொல்ல விட்டுப்போயிற்று. "வடக்கா, தெற்கா?" என்று கேட்டார். அடுப்பில் பால் பொங்குகிற வாசனை வந்தது. "வடக்கு" என்றேன், பட்டென்று. அவரும் துளையிட்டார். அவ்வளவுதான் என் தடுமாற்றம். இதில் பிழை எங்கிருந்து வரும்?

ஒரு காலத்தில் மாணவன் ஒருவன் இதே நட்சத்திரத்தைப் பற்றிக் கேட்டான். உன் மாமா என்னைப் பார்த்துக்கொண்டே, "கை தவறிடுச்சுப்பா" என்றார். நான் எல்லோர் முன்னிலையிலும், "உங்க கை தவறாது, பிள்ளைங்ககிட்ட பொய் சொல்லாதீங்க" என்று திருத்தினேன். அடக்கம் அவருக்கு. அதற்குப் பிறகு ஒவ்வொரு காட்சியின் முடிவிலும் அம்புக்குறி அந்த நட்சத்திரத்தின் மேல் ஒரு நிமிடம் நிற்கும். இருட்டில் அவர் முகம் என் நாற்காலிப் பக்கம் திரும்பியிருக்கும். தன் வேலையின் துல்லியத்தைக் காட்டுகிறார் என்று நான் நிமிர்ந்து உட்காருவேன்.

ஆகவே துளையை அடைக்கக் கூடாது. அறிவிப்பை எடுக்க வேண்டும். அவர் பெயருக்குப் பக்கத்தில் 'பிழை' என்ற சொல் இருக்கும்வரை நான் அந்தக் கதவுக்குள் கால் வைக்க மாட்டேன். மேற்கொண்டு ஆதாரம் வேண்டுமா? அந்தப் பட்டியல் புத்தகம் என் அலமாரியில் இருக்கிறது. ஓரமெல்லாம் கிறுக்கும் கெட்ட பழக்கம் அவருக்கு, அதனால் யாருக்கும் காட்டியதில்லை. இன்று எடுத்து, பக்க எண்ணைக் கீழே குறிப்பிடுகிறேன்.

உன் வானம் மேகமில்லாமல் இருக்கட்டும். சுவிட்சுகள் சொன்னபடி கேட்கட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. விடியலை நான் கோபித்துக்கொள்ளவில்லை என்று சொல்.

இப்படிக்கு,
உன் அத்தை (பார்வையாளர்)

பின்குறிப்பு: புத்தகத்தை எடுத்தேன். பக்கம் எண்பத்தேழு. பட்டியலில் அந்த நட்சத்திரம் இல்லை. மூன்று தடவை பார்த்தேன், பூதக்கண்ணாடியோடும் பார்த்தேன். ஓரத்தில் இருக்கிறது. அவர் கையெழுத்தில், "குழாய் ரிப்பேர், 13 05 48." நான் நிமிர்ந்து நின்று, இடைவெளி விட்டு, தெளிவான உச்சரிப்பில் வாசித்தது குழாய்க்காரரின் தொலைபேசி எண். அதற்குப் பக்கத்தில், பிற்பாடு வேறு பென்சிலால், ஒரே ஒரு சொல் எழுதியிருக்கிறார்: "வடக்கு."

தெரிந்திருக்கிறது அவருக்கு. கடைசிவரை 'என் கை தவறிடுச்சு' என்றே சொல்லியிருக்கிறார்.

அறிவிப்பை எடுக்க வேண்டாம். 'நிறுவியவரின் மனைவியின் பிழை' என்று மாற்று. தபால் அதிகாரியிடம் எதுவும் சொல்லாதே, பார்த்தவர் அவர் ஒருவர்தான். துளையை அடைப்பதானால் அடை, ஆனால் வரும் சனிக்கிழமைக் காட்சிக்குப் பிறகு அடை. நான் வருகிறேன். அம்புக்குறியை அங்கே ஒரு நிமிடம் நிறுத்து. இத்தனை வருடமும் அவர் இருட்டில் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் ஒரு தடவையாவது திருப்பிச் சிரிக்க வேண்டாமா?