பவளராணி குடும்பத்துக் காய்ச்சல்

"உங்கட குடும்பத்தில ஆருக்கும் புற்றுநோய் வந்ததோ?"

மெல்பேர்ன் மருத்துவமனை ஒன்றில் மரபணு ஆலோசகர் ஆங்கிலத்தில் கேட்க, மேசைத் தொலைபேசியிலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளரின் குரல், மார்பில் புற்றுநோய் கண்டிருந்த பவளராணிக்குத் தமிழில் கேட்டது. உலக மருத்துவ வரலாற்றிலேயே இத்தனை கண்ணியமான குடும்பத்திடம் இப்படியொரு கேள்வி கேட்கப்பட்டதில்லை. பவளராணியின் அம்மா காய்ச்சலில் போனவர். பெரியக்காவும் காய்ச்சல். சின்னக்காவுக்கும் காய்ச்சல்தான், ஒரு பக்க மார்பை வெட்டி எடுத்தும் இறங்காத காய்ச்சல்.

அன்று உண்மையைச் சொல்லத்தான் அவர் வாயைத் திறந்தார். ஆனால் அந்தக் குரல் சந்திரவதனாவின் குரல் போலவே இருந்தது. மகள் லக்சிகாவைப் பெண் கேட்டிருக்கும் மாப்பிள்ளையின் தாய் சந்திரவதனா. மொழிபெயர்ப்பாளர் இரகசியம் காப்பார், சம்பந்தி காப்பாரா?

"ஒருத்தருக்கும் இல்லை. எங்கட பரம்பரை சுத்தம்."

ஆலோசகர் குடும்ப வரைபடத்தில் அம்மா, அக்காமார் மூவரின் வட்டங்களையும் நோய்க்குரிய கறுப்பு நிரப்பாமல் வெறுமையாக விட்டார். மரபணுச் சோதனை தேவையில்லை என்று கோப்பு மூடப்பட்டது. சந்திரவதனா பேக்கரியில் வேலை செய்பவர், மொழிபெயர்ப்புப் பக்கமே போகாதவர் என்பது அடுத்த வாரம்தான் தெரிந்தது. பவளராணி கோப்பைத் திறக்கச் சொல்லவில்லை. கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போய் ஓர் அர்ச்சனை செய்தார்.

மூன்று வாரத்துக்கு ஒருமுறை லக்சிகா அவரை நோயெதிர்ப்பு மருந்து ஏற்றக் கூட்டிப்போவாள். ஊருக்கு அது 'சிட்னிப் பயணம்'. "அன்ரி, சிட்னியில நல்ல கருவாடாம், வாங்கி வாங்கோ" என்று ஆட்கள் சொல்லிவிடுவார்கள். அவரும் மெல்பேர்னிலேயே, டண்டினோங் கடையில் வாங்கி, கடை ஸ்டிக்கரை உரித்துக் கொடுப்பார். வேஷம் போட்டு ஒளிந்திருக்கும் புற்றணுவை உடம்பின் காவலர்களுக்குக் காட்டிக்கொடுக்கிற மருந்து அது. சிட்னியில் ஒளிந்திருந்த பவளராணியிடம் மட்டும் அது தோற்றது.

இத்தகைய தகுதி உள்ளவரை விட்டுவிட்டு வேறு யாரை டார்னெய்ட் தமிழ் மன்றம் தன் 'புற்றுநோய் விழிப்புணர்வுக் குழு'வுக்குத் தலைவியாக்கும்? ஞாயிறு மத்தியானக் கூட்டத்தில் அவர் ஒலிவாங்கியைப் பிடித்து முழங்கினார்: "ஒளிக்கக் கூடாது. வாய் திறந்து கதைக்க வேணும்."

கைதட்டல் ஓய ஐந்து நிமிடம் ஆனது. முன்வரிசையில் இருந்த சந்திரவதனா வடையைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினார்.

அடுத்து, சிறப்புப் பேச்சாளராக வந்திருந்த தமிழ்நாட்டு டாக்டர் வைதேகி பேசினார். "அம்மாகிட்ட அந்த மரபணுக் கோளாறு இருந்தா, பொண்ணுக்கு வர்றதுக்குப் பாதிக்குப் பாதி சான்ஸ். முன்னாடியே தெரிஞ்சா எவ்வளவோ செய்யலாம். ஆனா குடும்பத்துல யார் யாருக்கு வந்ததுன்னு நீங்கதாங்க சொல்லணும்."

பின்வரிசையில் லக்சிகா எழுந்தாள்.

"தலைவியிட்ட ஒரு கேள்வி. அம்மம்மா எதில செத்தவ?"

"காய்ச்சல்."

"ரெண்டு பெரியம்மாவும்?"

"அவையளும் காய்ச்சல்தான் பிள்ளை. இரு, எல்லாரும் பாக்கினம்."

சந்திரவதனா ஆதரவாகத் தலையாட்டினார். "எங்கட அம்மாவும் காய்ச்சலிலதான் போனவ. அந்த நேரம் ஊரில ஒரே காய்ச்சல்."

இவ்வளவு பொருத்தமான சம்பந்தம் அவுஸ்திரேலியாவிலேயே அமைந்ததில்லை.

"சரி அம்மா," என்றாள் லக்சிகா. "எனக்கு எத்தினை வயசில காய்ச்சல் வரும்?"

பவளராணி ஒலிவாங்கியைப் பார்த்தார். சந்திரவதனாவைப் பார்த்தார். விழிப்புணர்வுக் குழுத் தலைவியின் வாய் திறந்து, அப்படியே மூடியது.

லக்சிகா மேடைக்கு வந்தாள். அம்மாவின் கைப்பையிலிருந்து, 'சிட்னி'க்குப் போகும் காரின் சாவியை எடுத்தாள். "இந்த முறை 'சிட்னி'க்கு நான் எனக்காகப் போறன், சோதிச்சுப் பாக்க," என்றுவிட்டு வெளியே நடந்தாள்.