கழுத்து நீங்கலாக அனைவரும் நலம்

அன்பும் பண்பும் நிறைந்த மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொண்டது. இங்கு என் கழுத்து நீங்கலாக அனைவரும் நலம். தங்கள் காரின் நலத்தையும், இடமிருந்தால் தங்கள் நலத்தையும் அறிய ஆவல்.

மரியாதை இத்தோடு போதும். சிக்னலில் நின்ற நம் வண்டியைப் பின்னாலிருந்து பால் வேன் இடித்ததே, அப்போது நீ என்ன செய்தாய்? என் தலை முன்னும் பின்னும் ஆடி அடங்குவதற்குள் இறங்கி ஓடிப் பம்பரைத் தடவிக் கொடுத்தாய். "அத்தான், ஒரு கீறல்கூட இல்ல!" என்றாய். என்னைத்தான் சொல்கிறாய் என்று நினைத்து நானும் "ஆமாப்பா" என்றேன். நீ சொன்னது பெயின்ட்டை!

அன்றைக்கு வலியே இல்லை. மறுநாள் பல் துலக்கக் குனிந்தவன் நிமிரவில்லை. உனக்குப் போன் செய்தால், "நேத்து நல்லாத்தானே இருந்தீங்க? தலையணைய மாத்திப் படுத்திருப்பீங்க" என்கிறாய். பெரிய மேதை! அதோடு விட்டாயா, உனக்கு முடிவெட்டுகிறவரை வேறு அனுப்பிவைத்தாய். அவர் என் தாடையைப் பிடித்து ஒரு சொடக்கு எடுத்தார் பாரு, நான் போட்ட சத்தத்தில் கேஸ் வெடித்துவிட்டதென்று கீழ்வீட்டுக்காரர் குடும்பத்தோடு தெருவுக்கு ஓடினார். அப்புறம் நானே மருந்துக்கடையில் ஒரு கழுத்துப்பட்டை வாங்கி, மூன்று வாரம் கழற்றாமல் மாட்டிக்கொண்டு, யாராவது கூப்பிட்டால் பீரோவை நகர்த்துவதுபோல உடம்போடு திரும்பிக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு உன் பெரியப்பா வீட்டில் போய், "அத்தான் சும்மா நடிக்கிறாரு" என்றாயாமே!

கடைசியில் உன் அக்காதான் என்னை டாக்டரிடம் இழுத்துப்போனாள். அவர் என் விரல்களை அழுத்திப் பார்த்தார், கை மரத்துப்போகிறதா என்று கேட்டார், படம் எடுத்தார். எலும்பில் ஒன்றுமில்லை, தசை இழுபட்டிருக்கிறது என்றார். "இடிச்ச அன்னைக்கு வலிக்காது சார், மறுநாள்தான் காட்டும். பட்டையக் கழட்டுங்க. அசையாம வெச்சிருந்தா இன்னும் இறுகிப்போகும். மெதுவா திருப்பிப் பழகுங்க. யாராவது சொடக்கு எடுத்தாங்களா?" நான் வாயைத் திறக்கவில்லை. உன் அக்கா திறந்தாள். கால் மணி நேரம் மூடவில்லை. "சீட்டுல தலைசாய்க்கிற மெத்தை தலை உயரத்துக்கு இருந்துச்சா?" என்று அடுத்த கேள்வி. எங்கே இருக்கும்? பின்னால் வருவது தெரியவில்லையென்று அதைக் கழற்றிப் பரண்மேல் போட்டிருக்கிறாயே, மகாராசா! பின்னால் வந்த பால் வேன் உனக்குத் தெரிந்ததா?

ஆகவே, இனி உன் வீட்டு வாசலை மிதிக்க மாட்டேன். உன் முகத்தில் விழிப்பதாகவும் உத்தேசமில்லை.

பெரியவர்களுக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு ஆசிகள். உனக்கு இரண்டும் கிடையாது.

இப்படிக்கு,
உன் அக்காவைக் கட்டிய நடிகன்

பி.கு.: உறையை ஒட்டும்போது உன் மனைவி போன் செய்தாள். உனக்கும் அன்றிலிருந்தே கழுத்து வலியாமே? "வண்டி ஓட்டினவன் நான். எனக்கும் வலின்னு தெரிஞ்சா அத்தான் பயந்துடுவாரு, சொல்லாத" என்றாயாம். நேற்றிலிருந்து வலது கை மரத்துப்போகிறதாம். அட முட்டாளே, அதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது! இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டேன் என்று வைத்துக்கொள். இதை உன் அக்கா போனில் படமெடுத்து உனக்கு அனுப்பிவிடுவாள்; வாடகை வண்டி பிடித்து நான் இதோ கிளம்பிவிட்டேன். சட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திரு. பொத்தான் போட வரவில்லையென்றால் விடு, நான் வந்து போட்டுவிடுகிறேன்.