மூன்று கிளைகளுக்கும் ஒரே தேடல்

கண்டி மாநகரின் வணிக வரலாற்றில் அன்று காலை ஒரு புதிய யுகம் பிறந்தது. பிறந்த கையோடு அது ஒரே ப்ளெண்டரை மூன்று தடவை காட்டியது.

கஜேந்திரன் முதலாளியின் மின்சாதனக் கடையில் கணினி வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருந்த சுமன் திரையை முறைத்தான். கண்டி, கெலிஓயா, மடவளை என்று கிளைக்கு ஓர் இன்டெக்ஸ், அதாவது தனித்தனிச் சரக்குப் பட்டியல். மூன்று பெயரையும் கமா போட்டு எழுதினால், ஒரே கேள்வி மூன்றையும் துழாவிப் பதில் கொண்டுவர வேண்டும். கொண்டுவந்தது. மூடி கீறல் விட்டு வெடித்த நீல ப்ளெண்டர் கண்டியில் ஒன்று, கெலிஓயாவில் ஒன்று, மடவளையிலும் ஒன்று.

பகல் இந்தத் தேடலுக்குத் திறப்பு விழா. அது ஒழுங்காக நடந்தால்தான் வேலை நிரந்தரம் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

சுமன் மூன்று இன்டெக்ஸையும் அழித்துவிட்டு, முதலாளி தந்த சரக்கு விவரத்தை மறுபடி ஏற்றினான். மூடி மறுபடியும் மூன்று ஊரில் வெடித்தது.

கமாதான் கோளாறோ என்று அதைத் தூக்கிவிட்டு நட்சத்திரக் குறி போட்டான். நட்சத்திரம் பாகுபாடு பார்ப்பதில்லை. இருக்கிற இன்டெக்ஸ் அத்தனையையும் வாரிக்கொண்டு வரும். வேலைக்கு வந்த புதிதில் சோதனைக்காக அவன் உருவாக்கி, அழிக்க மறந்த ஒன்றும் வந்தது: ‘ப்ளெண்டர். முதலாளியின் தலையைப் போல வழவழப்பானது.’

முதலாளி பின்னால்தான் நின்றார். தலையைத் தடவிக்கொண்டே வாசித்தார்.

"இது எந்தக் கிளையில இருக்கு தம்பி?"

பக்கத்துக் கதிரையில் காஷியர் பஸீஹா இருமினாள்.

சுமன் பதறிப்போய் அதை நீக்கி, ஒரே பொருள் ஒரு தடவைதான் வரவேண்டும் என்று கட்டளை எழுதினான். இப்போது கண்டி மட்டும் மிஞ்சியது. எத்தனையோ வருடம் பாடுபட்டு வளர்த்த இரண்டு கிளைகளை ஒரு நிமிடத்தில் முழுங்கிவிட்டானே என்று முதலாளி புலம்பினார். மூன்றும் தெரிந்தே ஆகவேண்டுமாம்.

"மூணு கடையிலயும் ஒரே மாதிரியா முதலாளி மூடி வெடிக்கும்?"

"நம்ம கிளை எல்லாத்துலயும் தரம் ஒண்ணுதான் தம்பி."

சுமனுக்குப் பொறுமை போயிற்று. கடையின் விசிட்டிங் கார்டைப் பார்த்து மடவளைக் கிளையின் எண்ணை அழுத்தினான். அங்கே இப்போது பிஸியாக இருப்பார்கள் என்று முதலாளி தடுப்பதற்குள் மணி அடித்தது.

பஸீஹாவின் மேசை லாச்சிக்குள்.

அவள் பில் போட்டபடியே லாச்சியை இழுத்து, போனை எடுத்துக் காதில் வைத்தாள்.

"மடவளைக் கிளை, சொல்லுங்க."

கெலிஓயாவும் அதே லாச்சியில்தான் இருந்தது.