குரைக்காத யோகொசுனா

நான் கோபக்காரன் என்று ஜப்பானின் தென்கரையில் இருக்கும் எங்கள் கோச்சி ஊர் முழுக்க ஒரு பேச்சு. முதலில் சொன்னவன் யார் என்று தெரிந்தால் பல்லைப் பேர்த்துவிடுவேன்.

பன்னிரண்டு வயதில் துறைமுகத்தில் சூரை மீன் கூடை சுமந்தேன். முப்பதில் ஞாயிற்றுச் சந்தையில் சொந்தக் கடை போட்டேன். மாசி வியாபாரம். சூரையை அவித்து, புகையில் வாட்டி, மரக்கட்டை மாதிரி காயவைத்த மாசி. நடுவில் எந்தப் பள்ளிக்கூடமும் இல்லை. பேரம்தான் என் படிப்பு. எவன் சொன்ன விலைக்கும் எதையும் வாங்கியதில்லை. பல் டாக்டரிடமே பேசி, ஒரு பல்லின் காசுக்கு இரண்டு பல் பிடுங்கிக்கொண்டவன். இரண்டாவது நல்ல பல். அதனால் என்ன, லாபம் லாபம்தானே.

போன வசந்தத்தில், சந்தைச் சங்கத் தலைவர் தகேமுரா பெரியவர், முழங்கால் வலிக்கிறது, இனி முடியாது என்று அறிவித்தார். அந்த நிமிடமே நான் முடிவு கட்டினேன். அடுத்த தலைவர் இந்தக் கக்குஜிதான்.

எங்கள் சங்கத்தில் ஓட்டுப் பெட்டியெல்லாம் கிடையாது. கோப்பைதான். நான் என் கோப்பையை உங்களிடம் கொடுத்து சாக்கே, அதாவது எங்கள் அரிசி மது, ஊற்றுகிறேன். நீங்கள் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, அதே கோப்பையை என்னிடம் கொடுத்து ஊற்றுகிறீர்கள். நானும் குடிக்கிறேன். வாக்குக் கொடுத்தாயிற்று. அதற்குப் பிறகு எனக்கு எதிராக நீங்கள் கை தூக்கினால், உங்களோடு எவனும் ஒரு இஞ்சித் துண்டுகூட வியாபாரம் செய்யமாட்டான்.

ஆக, தலைவராக வேண்டுமென்றால் நல்ல சாக்கே வேண்டும். வடித்தவனை மூன்று நாள் அழவைத்து ஒரு பீப்பாய் வாங்கினேன். வைக்கோல் சுற்றி, கயிறு கட்டி, முத்திரை வைத்தது. பின்கட்டு சரக்கறையில் இறக்கினேன். மூன்று வாரம் கழித்து சனிக்கிழமை மதியம் விருந்து. சந்தையில் எவர் சொல் எடுபடுமோ, அந்தப் பன்னிரண்டு கடைக்காரர்கள். பன்னிரண்டு கோப்பை. முடிந்தது.

ஒரே ஒரு தொல்லை. என் மனைவி ஷிகெனோ.

கோச்சிப் பெண்களைக் குடியில் ஜெயித்த ஆண்பிள்ளை இன்னும் பிறக்கவில்லை. ஷிகெனோவுக்குச் சிநேகிதிகள் வேறு. நான் துறைமுகத்துக்குப் போனதும் பின்வாசல் வழியாக வருவார்கள். ஏற்கெனவே இரண்டு பீப்பாய் அப்படிப் போயிருக்கிறது.

"இவளே, போன பீப்பாய் என்ன ஆச்சு?"

"ஆவியாயிடுச்சுங்க."

"பீப்பாய் நிறையவா?"

"போன வருஷம் வெயில் ஜாஸ்தி இல்லையா."

"இந்தத் தடவை ஒரு சொட்டு குறைஞ்சாலும் நான் மனுஷனா இருக்கமாட்டேன்."

"இப்ப மட்டும்?" என்றாள், மாசியைச் சீவிக்கொண்டே.

அப்போதுதான் அறிவித்தேன். "நாய் வாங்கப் போறேன். பின்வாசல்ல கட்டப்போறேன்."

ஷிகெனோ சீவுவதை நிறுத்தினாள். கொஞ்சம் யோசித்தாள். "நல்லதுதான். சின்னதா ஒண்ணு வாங்குங்க. ஒரு ஈ பறந்தாலும் வள்வள்னு கத்துற மாதிரி. தோசா நாய் மட்டும் வேணவே வேணாம். உங்களால சமாளிக்க முடியாது."

என்னால் சமாளிக்க முடியாதாம். மறுநாள் காலையிலேயே ஹமகுச்சி பெரியவரின் நாய்ப் பண்ணையில் நின்றேன்.

தோசா நாய் எங்கள் மண்ணின் நாய். சண்டைக்கென்றே வளர்த்த ஜாதி. கன்றுக்குட்டி உயரம். சுமோ மல்லர்களுக்குக் கொடுப்பது போலவே இதற்கும் பட்டம் உண்டு. எல்லாவற்றுக்கும் உச்சியில் யோகொசுனா. அந்தப் பட்டம் வாங்கிய நாய்க்கு இடுப்பில் முறுக்கிய வெள்ளைக் கயிறும், பொன்சரிகை போட்ட மேலாடையும் உண்டு. எனக்கு அப்படி ஒரு சட்டை இதுவரை இல்லை.

ஹமகுச்சி இரண்டு நாய்களைக் காட்டினார். முதலாவது என்னைப் பார்த்ததும் கூரை பெயரும்படி குரைத்தது.

"இவன் பேரு போன்தா. சும்மாவே கூட்டிட்டுப் போ, தம்பி" என்றார்.

"சும்மாவா? ஏன்?"

"உனக்குத் தெரியாதா? களத்துல நின்னப்ப குரைச்சுட்டான். சத்தம் போட்ட நாய் தோத்த நாய். முதல் பந்தயத்துலயே வெளிய அனுப்பிட்டாங்க."

தோற்ற நாயை என் வாசலில் கட்டுவதா? தலைவராகப் போகிறவன் வாசலிலா? இலவசம் என்ற சொல்லைக் கேட்டு வாழ்க்கையில் முதல் முறையாகத் தலையை ஆட்டி மறுத்தேன்.

இரண்டாவது, மூலையில் படுத்திருந்தது. செம்பழுப்பு மலை. கன்னம் இரண்டும் தொங்கிக்கொண்டு, தூக்கம் கலைந்த நீதிபதி மாதிரி ஒரு பார்வை. எண்பது கிலோ.

"குரோஷியோ. ஓய்வு பெற்ற யோகொசுனா. பத்து வருஷத்துல ஒரு முனகல் கிடையாது."

"இதுதான் நாய்" என்றேன். அரை நாள் பேரம் பேசினேன். நான் கத்தினேன். அவர் கத்தினார். போன்தா கத்தினான். குரோஷியோ மட்டும் கொட்டாவி விட்டது. கடைசியில் வெள்ளைக் கயிறும் சரிகை மேலாடையும் இலவச இணைப்பாக, பாதி விலைக்கு முடித்தேன். அப்படி ஒரு வெற்றியோடு வீட்டுக்கு வந்தேன். வந்தேன் என்ன, குரோஷியோ நடந்தது, நான் சங்கிலியின் மறுமுனையில் பறந்து வந்தேன்.

காவல் நாய் என்றால் குரைக்க வேண்டும் என்ற விஷயம், உங்களுக்கு எப்போதோ உறைத்திருக்கும். எனக்கு இரண்டு நாள் கழித்து, தபால்காரர் பின்வாசலில் நாயின் தலையைத் தடவிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது.

"நான் அப்பவே சொன்னேன்ல" என்றாள் ஷிகெனோ. "குரைக்கிறதா ஒண்ணு வாங்குங்கன்னு."

"யோகொசுனா குரைக்காதுடி. பார்க்கும். பார்த்தாலே போதும், வந்தவன் ஓடிடுவான்."

"தபால்காரரு ஓடலையே. நாளைக்கு மறுபடி வர்றேன்னு அதுகிட்ட சொல்லிட்டுப் போறாரு."

"அவன் அரசாங்க ஊழியன். அவனுக்குப் பயம் கிடையாது. நீ பேசாம அதுக்குச் சோறு போடு."

தலைவராகப் போகிறவன் நாய்க்குச் சோறு பிசைவானா? அந்த வேலையை அவளிடம் தள்ளினேன். மாசித் தூள் போட்ட சோறு, காலையும் மாலையும். சரக்கறை வாசலில் அதைக் கட்டி, பீப்பாயைக் காட்டி, "எவனையும் விடாதே" என்று கட்டளையிட்டேன். குரோஷியோ என் விரலை ஒரு முறை நக்கியது. ஒப்பந்தம் ஆயிற்று என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் போயிற்று. தெருவில் எல்லாப் பெண்களும் திடீரென்று என்னிடம் மரியாதையாகப் பழகினார்கள். இஞ்சிக் கடை இட்சுகோ எதிரில் வந்து குனிந்து வணங்கினாள்.

"அண்ணே, உங்க நாய் தங்கமான நாய்."

"நீ எப்ப பார்த்தே?"

"கேள்விப்பட்டேண்ணே."

"மூக்கு ஏன் சிவந்திருக்கு?"

"ஜலதோஷம்."

ஊரில் பாதிப் பெண்களுக்கு ஜலதோஷம். வசந்த காலம், பூந்தாது பறக்கும் நேரம் என்று விட்டுவிட்டேன்.

விருந்துக்கு இரண்டு நாள் முன்பு, பீப்பாயை ஒரு முறை தட்டிப் பார்க்கலாம் என்று சரக்கறைக்குப் போனேன். குரோஷியோ எழுந்து வாசலை அடைத்து நின்றது. நான் இடப்பக்கம் போனேன், அதுவும் போனது. வலப்பக்கம் போனேன், அங்கேயும் அதுதான். சத்தமில்லை, பல் காட்டவில்லை. என் மார்பில் நெற்றியை வைத்து, மெதுவாக, முற்றம் வரை தள்ளிக்கொண்டு போய் விட்டுவிட்டுத் திரும்பியது.

எனக்கு ஆனந்தக் கண்ணீர் வந்துவிட்டது.

"ஷிகெனோ, பார்த்தியா? வாங்கின என்னையே விடல. இது நாயா? கோட்டை."

"ஆமாங்க. சொன்னதை அப்படியே கேக்குது" என்று அவள் குரோஷியோவின் காதைச் சொறிந்தாள். அது கண்ணை மூடிக்கொண்டது.

சனிக்கிழமை வந்தது. வைக்கோல் தீயில் வாட்டிய சூரை, தட்டுத் தட்டாக. பன்னிரண்டு பேரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஷிகெனோ போய் ஒரு விரலை ஆட்டியதும் குரோஷியோ வழி விட்டது. நான்கு பேர் பீப்பாயைத் தூக்கி வந்தார்கள். நல்ல கனம். எனக்கு நெஞ்சு நிறைந்தது.

மரச் சுத்தியலால் மூடியை உடைத்தேன். கைதட்டினார்கள். என் கோப்பையில் மொண்டு தகேமுரா பெரியவரிடம் கொடுத்தேன். குடித்தார். கண்ணை மூடினார். வெகு நேரம் திறக்கவில்லை.

"எப்படி இருக்கு, பெரியவரே?"

"தெளிவா இருக்கு தம்பி. எங்க வீட்டுக் கிணத்துலகூட இவ்வளவு தெளிவா வராது."

நான் மொண்டு குடித்தேன். தண்ணீர். அசல், கலப்படமில்லாத தண்ணீர்.

நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுப் பாத்திரம் விழுந்தது. "எவ... எவ அவ... ஷிகெனோ!"

பின்வாசல் திறந்தது. ஷிகெனோ வந்தாள். அவளுக்குப் பின்னால் இட்சுகோ. அவளுக்குப் பின்னால் ஊறுகாய்க்காரி, பூக்காரி, கத்திக் கடைக்காரி, ஆரஞ்சுக்காரி. முப்பது பேர். முப்பது பேரையும் குரோஷியோ வாலாட்டி வரவேற்றது. பழகிய வால்.

"அடியே, என் பீப்பாய் என்ன ஆச்சு?"

"கோப்பை கோப்பையா மாத்திக் குடிச்சோம்ங்க" என்றாள் ஷிகெனோ அமைதியாக. "ஒரு நாளைக்கு மூணு நாலு பேரு. நான் ஊத்திக் கொடுத்தேன், அவங்க எனக்குத் திருப்பி ஊத்தினாங்க. முறைப்படிதான். முத்திரையைத் தொடல, பக்கத்துத் தக்கை வழியா எடுத்துட்டு, அதே வழியா தண்ணியை நிரப்பி வெச்சோம்."

"பொம்பளைங்க கோப்பை மாத்தி என்ன ஆகப்போகுது? ஓட்டு கடைக்காரனுக்குத்தானே."

ஆண்கள் பன்னிரண்டு பேரும் மீன் தட்டையே பார்த்தார்கள். தகேமுரா பெரியவர்தான் இருமினார். "தம்பி, கடை உரிமச் சீட்டு யார் பேர்ல இருக்கு?"

கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தேன். எட்டு வருஷத்துக்கு முன்பு, பெண்கள் பெயரில் எடுத்தால் சங்கக் கட்டணம் பாதி என்று மூன்று நாள் தொண்டை கிழியப் பேரம் பேசி, சந்தை முழுவதுக்கும் அந்தச் சலுகையை வாங்கிக் கொடுத்த புத்திசாலி நான்தான். அன்றைக்கே எல்லாரும் மனைவி பெயருக்கு மாற்றிவிட்டார்கள். முதலில் மாற்றியவன் நான்.

"கை தூக்குங்க" என்றார் பெரியவர். முப்பது கைகள் உயர்ந்தன. ஷிகெனோ தனக்குத் தானே ஓட்டுப் போட வெட்கப்பட்டுக்கொண்டு, குரோஷியோவின் முன்னங்காலைத் தூக்கிக் காட்டினாள்.

எல்லாரும் போன பிறகு கேட்டேன். "தோசா நாய் வேணாம்னு எதுக்குடி சொன்னே?"

"வேணும்னு சொல்லியிருந்தா வாங்கியிருப்பீங்களா?"

அவள் சாக்கே பாட்டில் ஒன்றை எடுத்து வந்தாள். எனக்கென்று எடுத்து வைத்திருந்தாளாம். தன் கோப்பையை என்னிடம் கொடுத்து ஊற்றினாள். குடித்துத் தொலைத்தேன். அருமையான சாக்கே. திருப்பி ஊற்றினேன். அதற்குப் பிறகுதான் நான் செய்த காரியம் புரிந்தது. முறைப்படி நானும் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் சந்தையைத் திறந்து வைப்பது தலைவரம்மாதான். குரோஷியோ வெள்ளைக் கயிறும் சரிகை மேலாடையுமாய் அவள் பக்கத்தில் நடக்கிறது. பின்னால் வாளியும் முறமும் ஏந்தி, "வழி விடுங்க, தள்ளி நில்லுங்க" என்று நான் கத்திக்கொண்டே வருகிறேன். எண்பது கிலோ நாய்க்குப் பின்னால் வாளி எதற்கு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

போன வாரம் வெளியூர்க்காரர் ஒருவர் குரோஷியோவைப் பார்த்து மிரண்டு போய்க் கேட்டார். "அம்மா, இவ்வளவு பெரிய நாயா இருக்கே, குரைக்குமா?"

"இது குரைக்காதுங்க" என்றாள் ஷிகெனோ. "அதுக்கு எங்க வீட்ல வேற ஆள் இருக்காரு."