என் இடுப்புக்கு ஒரு சமையல் மேடை

சுவரை இடிக்கும் வரைதான் வீடு நம்முடையது. இடித்த நிமிடத்திலிருந்து அது மேஸ்திரியுடையது. இது தெரியாமல் போன வருடம் எங்கள் சமையலறையைச் சரிசெய்யக் கிளம்பினேன். இன்றைக்கும் சிமெண்டுக் கறை படிந்த லுங்கியோடு யாராவது எதிரே வந்தால் நான் தெருவின் மறுபக்கம் மாறிவிடுகிறேன்.

பழைய மேடை என் மனைவி ரோஸிக்கு உயரம். பன்னிரண்டு வருடம் கையைத் தூக்கித் தூக்கிக் கிளறியதில் தோள்பட்டை வலி வந்து, எலும்பு டாக்டரே மேடையை இறக்கச் சொல்லிவிட்டார். இறக்க வேண்டியது நாலு அங்குலம்தான்.

சவரிமுத்து மேஸ்திரி முதல் நாளே எல்லாவற்றையும் இடித்துத் தள்ளினார். (இடிப்பதில் அப்படி ஒரு வேகம்!) அப்புறம் ஆளைக் காணோம். போன் போட்டால் "நாளைக்கு வந்துடறேன் சார்" என்பார். எந்த நாளைக்கு என்று கேட்க எனக்குத் தைரியம் கிடையாது. பக்கத்துத் தெருவில் ஒருவர் "டைல்ஸ் லேசா கோணலா இருக்குதே" என்று சொல்லப்போக, மேஸ்திரி பூசும் கரணையை எடுத்துக்கொண்டு போனவர்தானாம். அந்த வீட்டுக் குளியலறைக்கு இன்னும் மூன்று சுவர்தான் என்று கேள்வி.

இரண்டு மாதம் அடுப்பு ஹாலில், டிவிக்குப் பக்கத்தில் இருந்தது. சோற்றில் மணல், ரசத்தில் சுண்ணாம்பு. மகள் ஜெனிபர் தட்டை முறைத்துவிட்டு, "அப்பா, மேஸ்திரிய ஒரு வார்த்த கேளுங்களேன்" என்பாள். நான் ஜெபமாலையை எடுத்துக்கொள்வேன்.

கடைசியில் ஒரு புதன்கிழமை மேஸ்திரி வந்தார். ரோஸிக்கு ஸ்ரீமுஷ்ணத்தில் டீச்சர் வேலை. பஸ்ஸுக்குக் கிளம்பும்போது, "மேடை என் இடுப்புக்கு வரணும். அளவ சொல்லிடுங்க" என்றாள். மேற்பார்வைக்கு லீவு போட்டிருந்த நான் வீரமாகத் தலையாட்டினேன்.

அவள் போனதும் மேஸ்திரி கூப்பிட்டார்.

"சார், இப்படி சொவத்த ஒட்டி நில்லுங்க."

"டேப்பு இருக்குது மேஸ்திரி."

"ஆளே இருக்கறப்ப டேப்பு என்னாத்துக்கு?"

நின்றேன். என் இடுப்பளவில் பென்சில் கோடு விழுந்தது. நான் ஆறடி. (பீங்கான் கம்பெனியில் தரம் பார்ப்பது என் வேலை. ஒரு நூலளவு கோணியிருந்தாலும் கப்பை ஒதுக்கிவிடுவேன். அதை அங்கே யாரிடம் சொல்ல?)

"மேஸ்திரி... எங்க வூட்டுல அவங்க கொஞ்சம் குள்ளம்..."

அவர் கரணையைக் கீழே வைத்தார். "அப்ப அவங்க இருக்கற நாளா பாத்து வெச்சிக்கலாங்க. திட்டக்குடியில ஒரு வேல நிக்குது. போயிட்டு வரேன்."

'போயிட்டு வரேன்' என்றதும் அந்தப் பக்கத்துத் தெருக் குளியலறை என் கண்முன் வந்து நின்றது. இன்னும் இரண்டு மாதம் மணல் சோறா?

"ஐயோ, வேணாங்க! இதுவே நல்லாருக்குது. டீ சொல்லட்டுங்களா?"

செங்கல் ஏற ஏற என் பயமும் ஏறியது. தடுக்கலாம் என்று வாயைத் திறந்தபோதெல்லாம் "சக்கர போதுங்களா?" என்றுதான் வந்தது. நாலு மணிக்குக் கிரானைட் கல்லை ஏற்றிவிட்டு அவர் போய்விட்டார். ரோஸியின் பஸ் வர இன்னும் ஒன்றரை மணி நேரம். ஜங்ஷனுக்குப் போய் ஏதாவது ஒரு ரயிலில் ஏறிவிடலாமா என்றுகூட யோசித்தேன். சட்டையை மாட்டினேன், கழற்றினேன், மறுபடி மாட்டினேன்.

வந்தவள் கைப்பையைக்கூட இறக்காமல் நேராக மேடைக்கு முன்னால் போய் நின்றாள். கல் அவள் நெஞ்சுக்கு வந்தது.

"அளவ சொன்னீங்களா?"

"பேசினேன்."

"என்னா பேசினீங்க?"

"நல்லாருக்குதுன்னு."

அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். அவளோ வலிக்கிற தோளை ஒருமுறை தடவிக்கொண்டாள். அதைப் பார்த்ததும் பயமெல்லாம் போய், வெட்கம் பிடுங்கித் தின்றது.

"சரி. யாரு இடுப்புக்குக் கட்டியிருக்குதோ, அவங்களே ஆக்கட்டும்" என்றாள்.

அன்றிலிருந்து சமையல் நான்தான். (மறுபடி இடித்துக் கட்டலாமே என்கிறீர்களா? மேஸ்திரிக்கு யார் போன் போடுவது?) ரோஸிக்குத் தோள்வலி குறைந்துவிட்டது. விஷயம் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. போன மாதம் புது வீடு கட்டும் என் மச்சினன் ரோஸிக்குப் போன் செய்தான், ஸ்பீக்கரில் அவன் குரல் அடுப்பங்கரை வரை கேட்டது.

"அக்கா, மாமாவ இன்னிக்கி கொஞ்சம் அனுப்பி வையேன். சொவத்துல நிக்க வெச்சி, அவரு இடுப்புலேர்ந்து ஒரு சாண் கீழ மேடைக்குக் கோடு போட்டுக்கறோம்."

ரோஸி அடுப்பங்கரைப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"பத்து மணிக்கு மேல அனுப்பறேன்டா. அவரு இன்னும் சோறு வடிக்கல."